பெரிய டிக்லிபூர், சின்ன ரங்கத்

கல்யாணத்துக்குப் போகும்போதும் பட்டுப்புடவைக்கு அடியில் லேப்டாப்பை வைத்துப் பெட்டி கட்டுகிறவள் நான். "நகையை மறந்தாலும் மறப்பா, அதை மறக்க மாட்டா" என்று என் கணவர் படகுத் துறையில் நிற்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். ஓய்வு பெற்ற பிறகுதான் அந்தப் பழக்கம் கொஞ்சம் விட்டது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அப்படி ஒரு கல்யாண நாளைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன். என்ன கட்டளை அடிப்பது, எந்த மென்பொருளை நிறுவுவது என்பதெல்லாம் இதில் வராது. அதையெல்லாம் நீங்கள் என்னைவிட வேகமாகச் செய்கிறீர்கள். சுற்றி நிற்கிறவர்கள் எல்லோரும் "சீக்கிரம், சீக்கிரம்" என்னும்போது கை எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதை மட்டும் யாரும் உங்களுக்குச் சொல்லித் தந்திருக்க மாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

போர்ட் பிளேரில் ஒரு தனியார் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்கள் என் பொறுப்பில் இருந்தன. ஊரின் பெயர் இப்போது பலகைகளில் மாறிவிட்டது; என் நாக்குக்கு இன்னும் போர்ட் பிளேர்தான். ஸ்கேன் அறையில் இருந்த கம்ப்யூட்டர் லினக்ஸில் ஓடுவது. தலையின் படத்தை ஒவ்வொரு அடுக்காகப் புரட்டி, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்க்கிற மென்பொருள் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. படம் பார்த்துச் சொல்கிற டாக்டர் வெளியில் இருந்தால், தன் லேப்டாப்பில் அந்த லினக்ஸ் திரையை அப்படியே வரவழைத்துப் பார்ப்பார். அந்தத் திரையை நான் ஒருபோதும் இணையத்தில் நேராகத் திறந்துவிட்டதில்லை. முதலில் எஸ்எஸ்ஹெச் வழியாக, பூட்டிய குழாய் போல ஓர் இணைப்பு. அந்தக் குழாய்க்குள்தான் திரை வரும். நடுவில் யார் காது வைத்தாலும் ஒன்றும் கேட்காது.

படம் பார்க்கும் டாக்டரின் பெயர் சேவியர். தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். பேச்சு இன்னும் அந்தக் கரையை விட்டு வரவில்லை. உரத்த குரல், அவசரக் கை, நல்ல மனசு. அன்று கல்யாணம் அவருடைய ஒரே மகள் ஸ்டெல்லாவுக்கு. மாப்பிள்ளை வீட்டாருக்கு ஹேவ்லாக் தீவில் பாக்குத் தோட்டமும், அதை ஒட்டிச் சுற்றுலாக்காரர்களுக்குச் சில குடில்களும் இருந்தன. காலையில் கோவிலில் பூசை முடிந்து, தோட்டத்துக் கொட்டகையில் விருந்து. நானும் என் கணவரும் முந்தின நாளே கப்பலேறி வந்திருந்தோம்.

டாக்டர் இல்லாத நாளுக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு மாற்று டாக்டர் வருவதாக ஏற்பாடு. ஆனால் காலையிலிருந்தே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. அந்த டாக்டர் வந்த விமானம் இறங்க முடியாமல் திரும்பிப் போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் தீவுகளுக்கு நடுவே ஓடும் படகுகளையும் நிறுத்திவிட்டார்கள். கொட்டகையில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பேண்டு வாத்தியம் இன்னும் உற்சாகமாக முழங்கியது. மழைக்கு முன்னால் நாலு பாட்டாவது வாசித்துவிட வேண்டுமே.

பந்தியில் உட்காரப் போன நேரம் என் போன் அடித்தது. மருத்துவமனையிலிருந்து நஸ்ரின். அபர்டீன் பஜாரில் துணிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண், எங்கள் பிரிவில் சேர்ந்து அதிகக் காலம் ஆகவில்லை. அன்று பணியில் அவள் ஒருத்திதான்.

"அக்கா, டாக்டர் சாப் பக்கத்துல இருக்காரா? ஜங்லிகாட் படகு ஜெட்டியில ஒருத்தர் வழுக்கி விழுந்து தலையில அடி. சூசைன்னு பேரு, போட்டு டிரைவர். வரும்போது நல்லாத்தான் பேசினாரு. இப்ப தூங்கித் தூங்கி விழுறாரு. ஸ்கேன் எடுத்தாச்சு. சர்ஜன் இங்கயே நிக்கிறாரு, படத்தப் பார்த்துச் சொல்ல ஆள் இல்ல."

டாக்டரைத் தேடிப் பிடித்து விஷயத்தைச் சொன்னேன். கையிலிருந்த ஐஸ்கிரீம் கிண்ணத்தை யார் கையிலோ திணித்துவிட்டு என் பின்னால் வந்தார். நஸ்ரின் அதற்குள் ஸ்கேன் திரையைப் போனில் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். அவர் அதைப் பெரிதாக்கிப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"இதுல என்னத்தப் பாக்க? எல்லாம் ஒரே சாம்பலா கெடக்கு. கலா, அந்த மிஷினையே இங்க கொண்டாங்க."

மாப்பிள்ளை வீட்டாரின் அலுவலக அறையில் ஒரு மேசையைக் காலி செய்து லேப்டாப்பைத் திறந்தேன். குடில்களுக்காகப் போட்டிருந்த வைஃபை கிடைத்தது. மருத்துவமனையின் பெயரைக் கொடுத்து இணைத்தேன். வழக்கமாக உடனே கடவுச்சொல் கேட்கும். அன்று கேட்கவில்லை. திரையில் ஒரு எச்சரிக்கைப் பெட்டி வந்தது.

உங்களுக்கும் இந்தப் பெட்டி வரும், இல்லை, ஏற்கெனவே வந்திருக்கும். ஒவ்வொரு லினக்ஸ் இயந்திரத்துக்கும் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் உண்டு. முதல் தடவை இணையும்போது நம் கம்ப்யூட்டர் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை வேறு கைரேகை வந்தால், "நீ தேடி வந்த ஆள் இவர் இல்லை போலிருக்கிறது, தொடரலாமா?" என்று கேட்கும். பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். யாராவது இயந்திரத்தை மாற்றியிருப்பார்கள், மென்பொருளைப் புதிதாகப் போட்டிருப்பார்கள். அதனால்தான் எல்லோரும் படிக்காமலேயே 'ஆம்' அழுத்திப் பழகிவிடுகிறார்கள்.

"என்னவாம்?" என்றார் டாக்டர்.

"அந்தப் பக்கம் இருக்கிறது நம்ம மிஷின்தானான்னு சந்தேகமா இருக்கு டாக்டர்."

"நம்ம மிஷின் இல்லாம வேற யாரு? ஆம்னு போடுங்க."

"நஸ்ரின்கிட்ட கேட்டுட்டுப் போடுறேன்."

"அங்க ஒருத்தன் தலைக்குள்ள என்ன ஓடுதுன்னு தெரியாம கெடக்கான். நீங்க யாரு எவருன்னு விசாரிச்சுட்டு இருக்கீங்க!"

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. என் விரலும் அந்தப் பொத்தானுக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அழுத்தினால் அடுத்த நொடி கடவுச்சொல் கேட்கும், நானும் கொடுப்பேன். ஆனால் அந்தக் கடவுச்சொல் திறப்பது சூசையின் படத்தை மட்டுமல்ல. அங்கே தலையைக் காட்டிய, வயிற்றைக் காட்டிய ஒவ்வொருவரின் படத்தையும் அது திறக்கும். அதை யாருக்குக் கொடுக்கிறேன் என்று தெரியாமல் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

நஸ்ரினைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். "நீ இப்ப அந்த லினக்ஸ் கம்ப்யூட்டர் முன்னாடி உக்காரு. யாராவது அதை மாத்தினாங்களா?"

"யாரும் தொடலக்கா. நடுவுல கரன்ட் போச்சு, வந்துச்சு. அவ்வளவுதான்."

"சரி. அதோட கைரேகையத் திரையில வரவச்சு எனக்கு வாசி. பெரிய எழுத்தா சின்ன எழுத்தான்னு சேத்துச் சொல்லணும்."

அவள் வாசிக்க ஆரம்பித்தாள். வெளியே பேண்டு. கூரையில் மழை. அவள் 'பி' என்றால் எனக்கு 'டி' என்று கேட்டது, 'டி' என்றால் 'ஜி' என்று கேட்டது.

"டி ஃபார் என்ன?" என்று கத்தினேன்.

"டி ஃபார்... டிக்லிபூர்! பெரிய டிக்லிபூர்!"

"அடுத்து?"

"சின்ன ரங்கத். அப்புறம் பெரிய மாயாபந்தர்."

எழுத்துக்கு ஓர் ஊராக எங்கள் தீவுகளின் ஊர்ப் பெயர்களைப் பிடித்துக்கொண்டாள். என் திரையில் முதல் எழுத்து டிக்லிபூர் இல்லை. இரண்டாவது ரங்கத்தும் இல்லை. காது ஏமாற்றுகிறதோ என்று மறுபடியும் முதலிலிருந்து வாசிக்கச் சொன்னேன். மறுபடியும் அதே டிக்லிபூர், அதே ரங்கத். அவள் முன்னால் இருந்த இயந்திரத்தின் கைரேகை மாறவே இல்லை. அப்படியானால் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது வேறு யாரோ.

டாக்டர் என் தோளுக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இது யாரு கலா?"

"தெரியல டாக்டர். ஆனா நம்ம ஆள் இல்ல."

நஸ்ரின் சொன்ன ஒரு வார்த்தை எனக்கு அப்போதுதான் உறைத்தது. கரன்ட் போய் வந்தது என்றாள். மருத்துவமனையின் இணைய இணைப்பு அறுந்து மறுபடி வந்திருக்கும். வரும்போது வேறு இணைய முகவரி எண்ணோடு வந்திருக்கும். நான் பிடித்திருந்த பெயர் இன்னும் பழைய முகவரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய முகவரி அதற்குள் வேறு யாரோ ஒரு சந்தாதாரருக்குப் போய்விட்டது. ஊருக்குள்ளேயே லம்பா லைன் பக்கம் ஏதாவது ஒரு வீட்டு ரௌட்டராகக்கூட இருக்கலாம். அவர் நல்லவரா கெட்டவரா என்பது அல்ல கேள்வி. அவர் நாங்கள் தேடுகிற ஆள் இல்லை.

"நஸ்ரின், ரௌட்டர் பக்கத்தைத் திறந்து இப்ப வெளி முகவரி என்னன்னு பாரு."

"ஏக் மினிட் அக்கா." பின்னால் ஒரு ஆண் குரல் இந்தியில் ஏதோ கேட்டது. "அக்கா, சர்ஜன் சாப் கேக்குறாரு. இந்த கைரேகை எல்லாம் வேணாம், ஸ்கிரீனை நேரா வெளிய திறந்து விட்டா டாக்டர் உடனே பாக்கலாமேன்னு."

"திறந்தா டாக்டர் மட்டுமா பாப்பாரு? ஊரே பாக்கும். நீ முகவரியப் பாரு, அதுவே சீக்கிரம்."

இந்த இடத்தில் கதவு திறந்து மணப்பெண் வந்தாள். வெள்ளை கவுனைச் சேறு படாமல் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"அப்பா, கேக் வெட்டணும்னு எல்லாரும் நிக்காங்க."

"இந்தா வாரேன்டி, அஞ்சு நிமிஷம்."

ஸ்டெல்லா அவரை நம்பவில்லை. என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அஞ்சு நிமிஷமா?"

"இல்லம்மா. கூட ஆகும். ஒருத்தருக்குத் தலையில அடி. அப்பா படத்தப் பார்த்துச் சொல்லணும். இந்தப் பேண்டு சத்தத்துல எனக்குப் போன்ல ஒண்ணும் கேக்கல."

அவள் வெளியே போனாள். கொஞ்ச நேரத்தில் பேண்டு பாதிப் பாட்டில் நின்றது. நாலு பாட்டுக்குத் திட்டமிட்டிருந்தவர்கள் பாவம். மழைச் சத்தம் மட்டும் மிச்சம்.

நஸ்ரின் புதிய முகவரியைச் சொன்னாள். எண்களை அவளுக்கு இந்தியில் சொல்லித்தான் பழக்கம். நான் தமிழில் திருப்பிச் சொல்லி உறுதி செய்துகொண்டேன். இணைத்தேன். இது புதிய முகவரி என்பதால், "இந்த ஆளை நான் முன்பு பார்த்ததில்லை" என்று இன்னொரு பெட்டி வந்தது, அதிலும் ஒரு கைரேகை. இந்தத் தடவை முதல் எழுத்து பெரிய டிக்லிபூர்.

"நஸ்ரின், முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வாசி. ஒண்ணும் விடாதே."

பேண்டு இல்லாத அமைதியில் அவள் குரல் கணீரென்று வந்தது. பெரிய டிக்லிபூர், சின்ன ரங்கத், பெரிய மாயாபந்தர், பெரிய கச்சால், சின்ன ஹட் பே. கச்சால் வந்தபோது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. என் அப்பா ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த தீவு அது. டாக்டர் திரையில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்துக்கொண்டு வந்தார். வடக்கும் தெற்குமாக எங்கள் தீவுகள் எல்லாவற்றையும் ஒரு சுற்றுச் சுற்றி வந்த நஸ்ரின் திடீரென்று நின்றாள்.

"என்னடி?"

"அக்கா, இசட்! இசட்ல நம்ம பக்கம் ஊரே இல்ல!"

"ஜீப்ராவுக்கு இசட்னு சொல்லு, போதும்" என்று டாக்டர் இங்கிருந்து கத்தினார். "சின்னதா பெருசா?"

"பெரிய ஜீப்ரா, சாப்!"

கடைசி எழுத்து வரை பொருந்தியது. டாக்டர் என்னைப் பார்த்தார். "இப்பவாவது ஆம் போடலாமா?"

"போடலாம்." அவரையே அழுத்தச் சொன்னேன். ஏன் என்று தெரியவில்லை, அவர் அழுத்த வேண்டும் என்று தோன்றியது.

கடவுச்சொல் கேட்டது. கொடுத்தேன். மருத்துவமனையின் லினக்ஸ் திரை ஹேவ்லாக்கில் ஒரு பாக்குத் தோட்டத்துக்குள் விரிந்தது. லைன் மெலிதாக இருந்ததால், படம் சட்டென்று வருவதற்காக நிறங்களையும் நுணுக்கத்தையும் குறைத்து வைத்திருந்தேன். சூசையின் தலை அடுக்கடுக்காக நகர்ந்தது. டாக்டர் மேலிருந்து கீழே போனார், மறுபடி மேலே வந்தார்.

"பெருசா ஒண்ணும் தெரியல" என்றார். பிறகு மவுஸிலிருந்து கையை எடுத்தார். "கலா, நான் பாக்கது முழுப் படம்தானா?"

இந்தக் கேள்விக்கு 'ஆமாம்' என்று சொல்வது சுலபம். படம் வந்துவிட்டது, எல்லோரும் காத்திருக்கிறார்கள், நம் வேலை முடிந்தது என்று தோன்றும்.

"இல்ல டாக்டர். சீக்கிரம் வரட்டும்னு குறைச்சு வச்சிருக்கேன். அங்க இருக்கிற சாம்பல் நிறத்துல பாதிதான் இங்க வருது. முழுசா வரணும்னா மெதுவாத்தான் வரும்."

"மெதுவா வரட்டும். இதை வச்சு நான் ஒரு மனுஷனைப் பத்தி ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

குறைத்ததையெல்லாம் முழுசாக மாற்றினேன். திரையில் ஒரே ஒரு படம் மட்டும் வருகிற மாதிரி ஜன்னலைச் சின்னதாக்கினேன். அப்படியும் படம் மேலிருந்து ஒவ்வொரு கோடாக இறங்கிப் பாதியில் நின்றது. வைஃபையை யாரோ உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். யார் என்று யோசிக்க வேண்டியதே இல்லை; கொட்டகை முழுக்கக் கல்யாணக் கூட்டம், ஒவ்வொரு கையிலும் போன், ஒவ்வொரு போனிலும் மணப்பெண்ணின் வீடியோ ஏறிக்கொண்டிருந்தது.

வாசலுக்குப் போய் ஸ்டெல்லாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அடுத்த நிமிடம் மைக்கில் அவள் குரல்: "எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. யாரும் இப்ப ரீல்ஸ் போடக் கூடாது. ஸ்டேட்டஸ் போடக் கூடாது. எல்லாரும் வைஃபைய ஆஃப் பண்ணுங்க. சப் லோக், வைஃபை பந்த் கரோ, ப்ளீஸ்! ஒருத்தர் உயிர் விஷயம். நான் சொன்னப்புறமும் போடுறவங்களுக்குக் கேக் கிடையாது."

கேக் மிரட்டல்தான் வேலை செய்தது என்பது என் கணவரின் கருத்து. எதுவானால் என்ன, நின்றிருந்த படம் மளமளவென்று இறங்கி நிறைந்தது.

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அதுவரை அவசரப்பட்ட கை இப்போது அவசரப்படவே இல்லை. ஒவ்வொரு அடுக்கிலும் வெளிச்சத்தை ஒரு மயிரிழை ஏற்றுவார், காத்திருப்பார், இறக்குவார். மண்டையோட்டின் வெள்ளை விளிம்பை ஒட்டி, அதே வெள்ளையில் கலந்து, ஒரு மெல்லிய பிறை மாதிரி ஏதோ ஒன்று மெல்லப் பிரிந்து தெரிந்தது. குறைத்து வைத்த படத்தில் அது எலும்போடு எலும்பாகத்தான் இருந்தது.

"இருக்கு" என்றார்.

போனில் சர்ஜனின் குரல் வந்தது. அவர் வங்காளி, எங்களோடு பேசுவது எப்போதும் இந்தியில். "சேவியர் சாப், கோல்னா ஹை யா நஹீ?" திறக்க வேண்டுமா, வேண்டாமா என்று கேட்கிறார்.

டாக்டர் எந்தப் பக்கம், எந்த இடம், எவ்வளவு கனம் என்று நிதானமாகச் சொன்னார். எலும்புக்கு உள்பக்கம் ரத்தம் கசிந்து சேர்கிறது, இன்னும் சேரும் என்றார். "கோல்னா ஹை. அபி." திறந்துதான் ஆக வேண்டும், இப்போதே. சர்ஜன் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. அவர் செருப்புச் சத்தம் தூரம் போவது எங்களுக்குக் கேட்டது.

டாக்டர் எழுந்து வேட்டியைச் சரி செய்துகொண்டார். கேக் வெட்டப் போனார். வெட்டினார்கள், ஊட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவர் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார். ஆனால் கண் மட்டும் என் கையிலிருந்த போனில் இருக்கிறது. அந்த ஆல்பத்தில் எந்தப் படத்தை எடுத்தாலும் அவர் பார்வை கேமராவில் இல்லை.

பேண்டு மறுபடி தொடங்கி, விட்ட பாட்டையும் சேர்த்து வாசித்துக்கொண்டிருந்தபோது நஸ்ரின் கூப்பிட்டாள். "அக்கா, முடிஞ்சது. சர்ஜன் வெளிய வந்துட்டாரு. டென்ஷன் வேண்டாம்னு சாப்கிட்ட சொல்லச் சொன்னாரு." நான் டாக்டரைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன். அவர் நேராகப் போய்ப் பேண்டுக்காரர்கள் நடுவில் நின்று ஆட ஆரம்பித்துவிட்டார். அப்படி ஒரு ஆட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

ஊருக்குத் திரும்பியதும் நானும் நஸ்ரினும் சேர்ந்து சில விஷயங்களை மாற்றினோம். கடவுச்சொல்லுக்குப் பதில் சாவிக் கோப்பு, மாறாத முகவரி. அதெல்லாம் நீங்கள் இன்று சாதாரணமாகச் செய்கிறவைதான். நான் உங்களிடம் சொல்ல வந்தது வேறு. அந்த எச்சரிக்கைப் பெட்டியை எழுதிய யாரோ ஒருவருக்கு ஹேவ்லாக்கைத் தெரியாது, சூசையைத் தெரியாது, பேண்டுச் சத்தம் தெரியாது. அவர் கேட்டது ஒரே ஒரு நேர்மையான கேள்வி. "முழுப் படம்தானா?" என்று டாக்டர் என்னிடம் கேட்டதும் அதே மாதிரி ஒரு கேள்விதான். இரண்டுக்கும் உண்மையான பதிலைத் தேட ஆன நேரம், அவசரப்பட்டுப் போயிருந்தால் தொலைந்திருக்கக்கூடிய நேரத்தைவிடக் குறைவு. பதற்றத்தில் அது நமக்குத் தெரியாது. அந்த நேரத்திலும் அதை நம்ப முடிகிறதா என்பதுதான் விஷயம்.

சில வாரங்கள் கழித்து சூசை தன் மனைவியோடு மருத்துவமனைக்கு வந்தார். மொட்டைத் தலையில் முடி முளைக்கத் தொடங்கியிருந்தது. ஒரு பக்கம் தையல் தழும்பு நன்றாகத் தெரிந்தது. நான் அப்போது நஸ்ரினின் மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தேன்.

"யம்மா, என் தலைப் படம் இங்க இருக்காமே. ஒரு காப்பி வேணும்" என்றார்.

"எதுக்கு அங்கிள்?" என்றாள் நஸ்ரின்.

மனைவியைக் கண்ணால் காட்டினார். "இருபத்துநாலு மணி நேரமும் எனக்குத் தலைக்குள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டே கெடக்கா. ஆதாரத்தோட காட்டணும்."

அந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். நஸ்ரின் மட்டும் சிரிக்கவில்லை. கையை நீட்டினாள்.

"தர்றேன் அங்கிள். முதல்ல ஆதார் கார்டு காட்டுங்க."

"என்னம்மா இது! என்னைத் தெரியாதா உனக்கு?" சூசை குனிந்து தழும்பை அவள் முகத்துக்கு நேராகக் காட்டினார். "இந்தா பாரு. இதைவிட என்ன அடையாளம் வேணும்?"

நஸ்ரின் தழும்பைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், என்னை ஒரு கணம் பார்த்தாள். நீட்டிய கையை மடக்கவில்லை.

"கார்டு, அங்கிள்."